இரும்புப் பெட்டி மதுரைக்குப் போன கதை

ஜனவரி 19, 2025 - ஞாயிறு

விருதுநகர் வீட்டை விற்றாயிற்று. மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். கட்டில், பீரோ, ஆட்டுரல் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. தாத்தா வத்தல் மண்டி நடத்திய காலத்தில் வாங்கிய இரும்புப் பெட்டி மட்டும் நடுவீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நாலடி உயரம், இரண்டேகால் அடி அகலம், இரண்டடி ஆழம். கோத்ரெஜ். அந்த நிறுவனம் 1897-ல் பூட்டு செய்யத் தொடங்கி, அடுத்த சில வருடங்களிலேயே இரும்புப் பெட்டிக்கும் வந்துவிட்டது. 1944-ல் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பெரும் தீ பிடித்தபோது இந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை தப்பின என்று ஒரு பேச்சு உண்டு. தாத்தாவும் அதைச் சொல்லித்தான் வாங்கினாராம்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். கிலோவுக்கு 28 ரூபாய் என்றார். அப்புறம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள பாதி மண்ணுதான் அண்ணாச்சி, எடையில பாதி கழிச்சுக்கிடுவேன்" என்றார். அம்மா உள்ளேயிருந்தே, "அவரப் போகச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். விற்பது பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

ஜனவரி 21 - செவ்வாய்

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பழைய தீத்தடுப்புப் பெட்டிகளில் வெளித்தகட்டுக்கும் உட்தகட்டுக்கும் நடுவே ஏதாவது ஒன்றை அடைத்திருப்பார்கள். படிகாரமும் மரத்தூளும் கலந்து அடைப்பது பழைய முறை. சூடேறினால் படிகாரத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறும், அது ஆவியாகும் வரை உள்ளே சூடு ஏறாது. நாம் ஷேவிங் முடித்துக் கன்னத்தில் தேய்க்கிற அதே படிகாரம்தான்.

எடையைத் தாளில் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. ஆறு மில்லி தகடு என்று வைத்தால் வெளிக்கூடு மட்டுமே 185 கிலோவை ஒட்டி வருகிறது. உட்கூடு, கனத்த கதவு, நடுவில் அடைத்தது எல்லாம் சேர்த்தால் 600 கிலோ இருக்கும் என்று தோன்றியது.

அக்கா போனில், "என் ஃபிளாட்டுக்கு அனுப்பிடு, லிஃப்ட் இருக்குல்ல" என்றாள். அவள் வீட்டு லிஃப்ட் ஆறு பேருக்கானது, 408 கிலோ. சரி, அதுவும் இல்லை. மதுரையில் எங்கள் புது வீட்டின் கீழ்த்தளத்துக்கே போகட்டும்.

ஜனவரி 25 - சனி

லோடுமேன் மேஸ்திரி வந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான ஆள். இதற்கு முன் வந்த இரண்டு பேர், எட்டு ஆள் வேண்டும், பத்து ஆள் வேண்டும் என்று ஆள் கணக்கிலேயே நின்றார்கள். இவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. முதலில் தரையைப் பார்த்தார், பிறகு நிலைவாசலை அளந்தார், திண்ணையில் உட்கார்ந்து தெருவின் உயரத்தைப் பார்த்தார். "மதுரையில என்ன தரை?" என்று கேட்டார். டைல்ஸ் என்றதும் முகம் சுளித்தார்.

"எத்தனை பேர் வருவீங்க?" என்றேன்.

"நாலு பேர் போதும். தூக்குனாத்தான அண்ணாச்சி ஆளு வேணும்? இதை யாரு தூக்கப் போறா?"

நடை அகலம் 30 அங்குலம். பெட்டி, கீலும் கைப்பிடியும் சேர்த்து 29. கைப்பிடியைக் கழற்றிவிடச் சொன்னார். இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கூலி 12,000, வண்டி தனி. அப்பா இருந்திருந்தால் பத்துக்குப் பேசி முடித்திருப்பார்.

ஜனவரி 26 - ஞாயிறு

மதுரை. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் படுக்கையறை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன். கீழே சிமென்ட் சரியாகப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும், இல்லாவிட்டால் ஓட்டையாக ஒலிக்கும். பெட்டி உட்காரப்போகும் மூலையில் இரண்டு டைல்ஸ் ஓட்டை. கொத்தனாரை வரவழைத்து அவற்றைப் பெயர்த்து, முழுக்கக் கலவை போட்டுப் பதிக்கச் சொன்னேன். அது இறுக நாலு நாளாவது வேண்டும்.

அந்த மூலை கன்னி மூலை, அதாவது தென்மேற்கு. பெட்டி அங்கே இருந்து வடக்குப் பார்த்துத் திறக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. எஞ்சினியர் நண்பரும் அதே மூலையைத்தான் சொன்னார், அவர் காரணம் வேறு. வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்கு வைத்துக் கட்டுகிறார்கள். இந்தப் பெட்டியின் அடிப்பரப்பு அரை சதுர மீட்டர்கூட இல்லை. மாடியில் நடு அறையில் வைப்பதாக இருந்தால் யோசிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் மண்ணின் மேல் போட்ட தரையில், சுவரோரமாக, அடியில் கனத்த இரும்புத் தகடு கொடுத்து வைத்தால் பயமில்லை என்றார். வாஸ்துவும் எஞ்சினியரும் ஒரே மூலையில் சந்தித்தது எனக்கு மிச்சம்.

ஜனவரி 29 - புதன், தை அமாவாசை

அப்பாவுக்குப் படைத்து முடித்ததும் பெட்டியைக் காலி செய்தோம். "செய்தோம்" என்பது மரியாதைக்கு. அம்மா எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். என்ன இருக்கிறது என்று கேட்ட அக்காவுக்குக் கிடைத்த பதில், "எல்லாம் இருக்கு." எங்கள் கண்ணில் காட்டியது பேரேடுகளும், நாடா கட்டிய பத்திரங்களும், துருப்பிடித்த முத்திரை ஒன்றும் மட்டும்.

காலிப் பெட்டியை அனுப்பக் கூடாதாம். உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு ரூபாயும் வைத்துப் பூட்டினாள்.

புறப்படும் நாள் தனிப் பஞ்சாயத்து. வெள்ளிக்கிழமை லட்சுமி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, ஆனால் புது வீட்டுக்குள் வெள்ளிக்கிழமைதான் நுழைய வேண்டும். ஆகவே வியாழன் ராகு காலத்துக்கு முன், அதாவது ஒன்றரைக்குள் இங்கே புறப்பாடு. மறுநாள் பத்தரைக்குள் அங்கே நுழைவு. நடுவில் ஓர் இரவு பெட்டி வண்டியிலேயே இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் பயணத்துக்கு இரண்டு நாள் வாடகை. டிரைவருக்கு ஏக சந்தோஷம்.

ஜனவரி 30 - வியாழன்

காலையிலேயே மேஸ்திரியும் ஆட்களும் வந்துவிட்டார்கள். சாமான்கள்: மூன்று கடப்பாரை, ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகள், மரக்கட்டைகள், பிளைவுட் பலகை, வடக்கயிறு, சாக்கு.

பெட்டியின் பாதத்தைச் சுற்றித் தாத்தா காலத்தில் பூசியிருந்த சிமென்டைக் கொத்தி எடுத்தார்கள். ஒரு மூலையில் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் மிதிக்க, விரலளவு எழும்பியது. உடனே அடியில் கட்டை. அடுத்த மூலை, அடுத்த கட்டை. தரையில் பலகையை விரித்துக் குழாய்களைச் செருகியதும், அத்தனை நாள் அசையாதது ஒற்றைக் கைத் தள்ளுக்கு நகர்ந்தது. பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் வைக்க ஒருவர். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாதிரி, கையில் கட்டையோடு குனிந்தபடியே கூட நடக்க இன்னொருவர்.

நிலைவாசலில் கட்டைகளை அடுக்கி வாசற்படி உயரத்துக்கு மேடு கட்டினார்கள். அந்தப் பக்கம் திண்ணைக்குச் சரிவு. அங்கேதான் வடக்கயிறு வேலைக்கு வந்தது. பெட்டியைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை நடுவீட்டுத் தேக்குத் தூணில் சாக்கைச் சுற்றி அதன் மேல் மூன்று சுற்று. கயிறு தூணை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், அவ்வளவு கனத்தையும் ஒரே ஆள் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி விட்டார். "சரிவுக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது. நழுவுனா விட்ருங்க, பிடிக்கப் போகாதீங்க. பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் ஆகும்" என்று மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்னார்.

தெருவுக்கு இறக்கவே இல்லை. பிக்கப் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து திண்ணையோடு ஒட்டி நிறுத்தினார்கள். திண்ணையும் வண்டித் தளமும் ஏறக்குறைய ஒரே உயரம், நடுவில் ஒரு பலகை, அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தது இதற்காகத்தான் போலிருக்கிறது. குட்டி யானை வேண்டாம் என்று அவர் சொன்னதும் சரிதான். எடை மேடையில் ஏற்றி, வெறும் வண்டியின் எடையைக் கழித்ததில் பெட்டி மட்டும் 590 கிலோ. என் தாள் கணக்கைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை.

ஒன்று பத்துக்குப் புறப்பாடு. டிரைவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் காரில் இருந்த அம்மா "முருகா" என்றாள்.

ஜனவரி 31 - வெள்ளி

இங்கே திண்ணை கிடையாது. வண்டியின் இரு பக்கமும் கால் விழும்படி உயரமான முக்காலியை நிறுத்தி, உச்சியில் ஒரு டன் செயின் பிளாக்கை மாட்டினார்கள். சங்கிலியை இழுக்க இழுக்கப் பெட்டி நாலு விரல் எழும்பியது. அப்படியே தொங்கவிட்டு, வண்டியை முன்னால் எடுத்துவிட்டார்கள்! பிறகு சங்கிலியை நிதானமாக நெகிழ்த்தி, கீழே அடுக்கியிருந்த குழாய்களின் மேல் இறக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பையன்கள் கைதட்டினார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு நிலைவாசல் தாண்டியது. அம்மா ஆரத்தி எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். டைல்ஸ் ஒன்றுகூட விரியவில்லை. மூலையில் வைத்த பிறகு கதவு தானாகவே திறந்து திறந்து வந்தது. பெட்டி லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்பக்கம் மெல்லிய தகடு கொடுத்தார் மேஸ்திரி. பிறகு எந்த இடத்தில் விட்டாலும் கதவு அங்கேயே நின்றது. கூலிக்கு மேல் ஆளுக்கு ஒரு வேட்டி துண்டு.

பிப்ரவரி 2 - ஞாயிறு

தரையோடு போல்ட் அடித்துவிடலாமா என்று கேட்டேன். "அதத் தூக்கிட்டுப் போறவன் போகட்டும்" என்று அம்மா முடித்துவிட்டாள். நூறு கிலோவுக்குள் இருக்கும் இந்தக் காலத்துச் சின்ன லாக்கர்களுக்குத்தான் போல்ட் அவசியம், அவற்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அக்கா தன் பத்திரங்களோடு கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் உள்ளே வைக்கக் கொண்டுவந்தாள். பத்திரம் சரி. காகிதம் 170 டிகிரி வரைகூடத் தாங்கும், ஹார்ட் டிஸ்க்குக்கு ஐம்பதைத் தாண்டினாலே ஆபத்து என்றுதான் தீத்தடுப்புப் பெட்டிகளைத் தரம் பிரிக்கிறார்கள். போதாததற்கு படிகாரம் இருந்தால் அதன் ஈரம் நாள்பட உட்தகட்டையும் அரிக்கும். ஹார்ட் டிஸ்க்கை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளே வைப்பதற்கு முன் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.