இரண்டு கொப்பிகள்

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலை டவுனில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அவருடைய பேத்திக்கும் என் மகனுக்கு இருக்கிற மாதிரியே கவனம் நிலைக்காத, துடிப்புக் கூடிய ஏ.டி.எச்.டி. இருக்கிறதாம். "டீச்சர், மாத்திரை வேண்டாம். இயற்கையா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. நீங்க என்னென்னமோ குடுத்துப் பார்த்தீங்களாமே" என்றார். பஸ் வந்துவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை மனசு கேட்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது இவன் திகதி மட்டும் எழுதியிருப்பான். பென்சில் சீவுகிற சாக்கில் மூன்று தடவை எழும்பியிருப்பான். அறிவில்லாத பிள்ளை இல்லை. எந்தக் கோச்சி எத்தனை மணிக்கு எந்த வளைவில் ஊதும் என்று கேட்டால் பிசகாமல் சொல்வான். ஆனால் ஏழு வயதில் ஒரு நாள் தண்டவாளத்துப் பக்கம் ஓடிவிட்டான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு, போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா பிடித்துக் கொண்டுவந்து விட்டார். "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது.

விடியுமுன் கிளம்பி, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் பேராதனை போனோம். வழியெல்லாம் பிள்ளைக்கு வாந்தி. வைத்தியர் இரண்டு நாள் கிளினிக்கில் பார்த்து, என்னிடமும் பள்ளிக்கூடத்திலும் கேள்விகள் கேட்டு, ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் நிலைக்காமையும் அளவுக்கு மீறிய துடிப்பும் சேர்ந்த குறைபாடு. பெற்றோருக்கான பயிற்சி பற்றிச் சொன்னார். மாத்திரைத் துண்டும் எழுதித் தந்தார். அந்தத் துண்டை நான் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது. பயம்தான் காரணம். பிள்ளை மரக்கட்டை மாதிரி ஆகிவிடுவான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

என் மாமியார் முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவர். "வல்லாரை குடு, மூளைக்கு அதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, மருந்தடிக்காத ஓடைக்கரையாகப் பார்த்துப் பறித்து வருவார். காலையில் வெறும் வயிற்றில் சாறு. மத்தியானம் தேங்காயும் சின்ன வெங்காயமும் போட்டுச் சம்பல். அவர் கையால் செய்கிற சம்பலைப் பிள்ளை வழித்துச் சாப்பிடுவான். அதை நான் இன்றுவரை நிறுத்தவில்லை, நல்ல கீரை. ஆனால் பல வீடுகளில் நடக்கிற ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். "பிரமி" என்ற பெயரை வல்லாரைக்கும் சொல்கிறார்கள், நீர்ப்பிரமிக்கும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி. ஞாபகசக்தி என்று போத்தலில் அடைத்து விற்பதில் பலவற்றில் இருப்பது நீர்ப்பிரமி. அதை அவுஸ்திரேலியாவில் 112 ஆண்பிள்ளைகளுக்கு 14 வாரம் பரிசோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நீர்ப்பிரமிச் சாரம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கவனக் குறைவிலும் துடிப்பிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அடுத்தது மீன் எண்ணெய். பாமசியில் ஒரு போத்தல் விலை மாமியாரின் மூன்று நாள் சம்பளத்துக்குச் சமம். நாளொன்றுக்கு 1,350 ரூபாய் என்று 2024இல் ஆன அந்தச் சம்பளத்தைச் சொல்கிறேன். ஓட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வந்தார். நான் ஒரு கொப்பி போட்டேன். தினம் இரவு, அன்றைக்குப் பிள்ளை எப்படி இருந்தான் என்று பத்துக்கு ஒரு புள்ளி. தொடக்கத்தில் மூன்று, மூன்று, நான்கு. இரண்டாம் மாதம் ஐந்து. மூன்றாம் மாதம் ஆறு, ஏழு. சந்தோஷம் தாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். நம் தோட்டத்தில் நாலு வீட்டில் அந்தப் போத்தலை வாங்கினார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு உறுத்துகிறது.

இன்னொரு கொப்பியும் இருந்தது. பேராதனையில் கேட்டார்கள் என்று மகனின் வகுப்பு டீச்சரிடம் ஜனவரியிலேயே சொல்லி வைத்திருந்தேன். கணக்குப் பாடத்தில் எத்தனை தடவை எழும்புகிறான், கொடுத்ததில் எத்தனை கணக்கு முடிக்கிறான், இரண்டை மட்டும் எழுதுங்கள் என்று. மீன் எண்ணெய் விஷயம் அவருக்குத் தெரியாது. புத்தாண்டு விடுமுறையெல்லாம் கழிந்து, மழை விடாமல் கொட்டிய ஓர் ஆனி மாத இரவில், கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தொடங்குமுன் எழும்பியது ஒன்பது தடவை, எட்டுத் தடவை, பத்துத் தடவை. மூன்று மாதம் கழித்தும் ஒன்பது, எட்டு, ஒன்பது. முடித்த கணக்கு அப்போதும் இரண்டு, இப்போதும் இரண்டு. மாறியது என் கொப்பி மட்டும்தான்.

பிள்ளையை நான் பொய்யாகப் பார்க்கவில்லை. ஆசையாகப் பார்த்தேன். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1994இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சீனி சாப்பிட்டால் தங்கள் பிள்ளைக்குத் துடிப்புக் கூடுகிறது என்று நம்பிய தாய்மார், ஐந்திலிருந்து ஏழு வயது மகன்மார். பாதித் தாய்மாரிடம் "உங்கள் மகனுக்கு இப்போது சீனி கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் ஒரு பிள்ளைக்கும் சீனி கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட தாய்மாருக்கு மட்டும் பிள்ளை கூடுதலாக ஆடுவதாகத் தெரிந்தது. அவர்கள் பிள்ளையை ஒட்டியே நின்று அதிகமாகக் குறை சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார்கள். மறு வருஷமே, அதுவரை சீனி பற்றி வந்த பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, பிள்ளைகளின் நடத்தையைச் சீனி மாற்றுவதாகத் தெரியவில்லை என்றும் எழுதினார்கள். அதை வாசித்த அன்றைக்குத்தான், அந்த வெற்று மாத்திரை ஏன் வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. தாயின் கண்ணில் அன்பு இருக்கும். அளவுகோலாக அதைப் பிடிக்க முடியாது.

மீன் எண்ணெய்க்கு ஓரளவு நல்ல பேரும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் 10 பரிசோதனைகளைச் சேர்த்து, மொத்தம் 699 பிள்ளைகளைப் பார்த்ததில் சின்னதாக ஒரு பலன் தெரிந்தது, ஏ.டி.எச்.டி. மாத்திரையின் பலனைவிட மிகவும் குறைவாக. 2023இல், மருத்துவப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பு 37 பரிசோதனைகளை அலசியது. வெற்று மாத்திரை குடித்த பிள்ளைகளுக்கும் மீன் எண்ணெய் குடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோர் கொடுத்த புள்ளிகளில் வித்தியாசம் இல்லை என்று உறுதியாகவே எழுதியது. போத்தல் வாங்குகிற காசுக்கு நெத்தலி வாங்கலாம். முழுக் குடும்பமும் சாப்பிடும்.

இப்போது இரும்புச்சத்து. நம் மலைநாட்டுப் பெற்றோர் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

இரண்டாம் தடவை பேராதனை போனபோது பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்தார்கள். ஃபெரிட்டின் என்று ஒன்று இருக்கிறது, உடம்பு சேர்த்து வைத்திருக்கிற இரும்பைக் காட்டுவது. மகனுக்கு அது மிகவும் குறைவு. 2004இல் பிரான்சில் வந்த ஓர் ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 84 பேருக்கும், இல்லாத பிள்ளைகளில் 18 பேருக்கும் அது குறைவாக இருந்தது. பிறகு 2008இல் அதே ஆய்வாளர்கள், இரும்பு குறைந்த 23 பிள்ளைகளில் 18 பேருக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் கண்டார்கள். 23 பிள்ளை என்பது என் ஒரு வகுப்பைவிடக் குறைவு. அதை வைத்து இரும்பு எல்லாப் பிள்ளையையும் சரியாக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறைவு இருந்தால் அதை நிரப்புவது ஏ.டி.எச்.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தேவை.

ஏன் குறைந்தது என்று பார்த்தால், பதில் எங்கள் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் ரொட்டி, கூடவே பிளேன்டீ. மத்தியானம் சோறு, கையோடு பிளேன்டீ. நம் பிள்ளைகள் இரண்டு வயதிலிருந்தே குடிக்கிறார்கள். கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்தத் தடை குறைகிறது. தேசிக்காயில் உள்ள விட்டமின் சி இரும்பை உள்ளே போக வைக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முப்பத்தாறு வருஷம் இந்தத் தேயிலைதான் சோறு போட்டுச்சு. அத ஒதுக்கச் சொல்றியாம்மா?" ஒதுக்க வேண்டாம் அத்தை, தள்ளி வைப்போம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சம்பலில் தேசிக்காய் பிழிந்திருந்தது.

வைத்தியர் சொன்ன அளவில் மூன்று மாதம் இரும்பு கொடுத்தோம். இரவில் கால்களை உதறுவது குறைந்தது, பின்னேரச் சோர்வு குறைந்தது. டீச்சரின் கொப்பியில் ஒன்பது ஏழாகியது. அவ்வளவுதான். இரத்தம் பார்க்காமல் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உயரத்தில் பூட்டி வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் துருக்கியில் பலன் தந்தது, அமெரிக்காவில் தரவில்லை. குறைவு உள்ள பிள்ளைக்கு உதவக்கூடும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஜின்கோ என்ற மரத்தின் இலை ஈரானில் ஏ.டி.எச்.டி. மாத்திரையோடு போட்டியில் பின்தங்கியது. குங்குமப்பூ அதே நாட்டில் 54 பிள்ளைகளிடம் ஆறு வாரம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் வெற்று மாத்திரைக் கூட்டமே இல்லாத சின்னப் பரிசோதனை அது. குங்குமப்பூ விலைக்கு நாங்கள் எங்கே போவது? கேற்றடியில் விற்கிற கலர் இனிப்பு, ஐஸ் பக்கெட் விஷயம் வேறு. 2007இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில், ஆறு செயற்கை நிறங்களும், உணவு பழுதாகாமல் சேர்க்கிற சோடியம் பென்சோவேற்றும் கலந்த கலவைகள் சாதாரணப் பிள்ளைகளிடமும் துடிப்பைச் சற்றுக் கூட்டுவதைக் கண்டார்கள். 2010இலிருந்து அந்த ஆறு நிறங்கள் உள்ள உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டம். அந்த நிறத்தை நிறுத்துவதால் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நாங்கள் நிறுத்திவிட்டோம்.

லேகியத்தைப் பற்றி மட்டும் கோபமாகவே எழுதுகிறேன். லேபல் இல்லாத டப்பா, "மூளைக்கு" என்று சொல்லி வீடு வீடாக வந்து ஒருவர் விற்றார். நானும் வாங்கி மூன்று வாரம் கொடுத்தேன். 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகளில் 70ஐ எடுத்துச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளைகளின் கவனத்தையே கெடுக்கிற விஷம். எந்த நோய்க்கு மருந்து என்று கொடுக்கிறோமோ அதையே வளர்க்கிற காரியம். என்ன கலந்தது என்று எழுதாத எதையும் பிள்ளை வாயில் வைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த துண்டை இரும்பு முடிந்த பிறகு எடுத்தேன். மீதைல்ஃபெனிடேற். 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய மருந்து. 2018இல் 133 பரிசோதனைகளை ஒப்பிட்டவர்கள், பிள்ளைகளுக்குக் குறுகிய காலத்துக்கு முதலில் கொடுக்க ஏற்றது இதுதான் என்றார்கள். பிள்ளை மரக்கட்டை ஆகவில்லை. கோச்சிக் கதை இன்னும் சொல்கிறான். மத்தியானப் பசி குறைகிறது, அதனால் மாத்திரைக்கு முன் காலையில் வயிறு நிறையக் கொடுக்கிறேன், நிறையை மாதம் ஒரு தடவை பார்க்கிறோம். டீச்சரிடம் மாத்திரை தொடங்கிய நாளைச் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை அவரே கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் வகுப்பு வாசலுக்கு வந்தார். எழும்பியது மூன்று தடவை, முடித்தது ஆறு கணக்கு. "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

மாத்திரை ஓய்கிற பின்னேரத்துக்கு வேறு வழிதான். அதில் மாமியார் எனக்குக் குரு. நான் ஒரே மூச்சில் "சப்பாத்தைக் கழட்டு, கை கழுவு, கொப்பி எடு" என்பேன். அவர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, ஒன்றை மட்டும் சொல்லி, அது முடிந்த பிறகுதான் அடுத்ததைச் சொல்வார். பெற்றோர் பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.

அக்கா, வருகிற ஞாயிறு பத்து மணிக்கு அதே மரக்கறிக் கடைக்கு முன்னால் நிற்பேன். பேத்தியின் கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்க. வெற்றுக் கொப்பி ஒன்று நான் கொண்டு வருகிறேன், அவளுடைய டீச்சரிடம் கொடுக்க.