மரியா காலஸை ஆண்டு வரிசையில் கேட்ட அனுபவம்

ஓபரா என்கிற மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகி மரியா காலஸை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் இசைத்தட்டிலிருந்து கடைசிவரை ஆண்டு வரிசையில் கேட்டுவிடுவது என்று ஒருகட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். வரிகள் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே அச்சான புத்தகம் கையில் இருக்கும். ஒரு அங்கத்தை முதலில் வாசிப்பேன், பிறகு கேட்பேன். ஒரு இரவுக்கு ஒரு அங்கம் போதும். அதற்கு மேல் காது வாங்காது.

தொடக்கமே திகைக்க வைத்தது. 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் 'வால்கூரே' ஓபராவில் பாடிக்கொண்டிருந்தார். 'பூரித்தானி' என்ற இன்னொரு ஓபராவில் பாட இருந்தவருக்கு உடம்பு முடியாமல் போகவே, வாத்தியக்குழு நடத்துநர் செராஃபின் அந்தப் பாத்திரத்தையும் இவரிடமே கொடுத்தார். முன்னதற்குப் பெரிய வாத்தியக்குழுவைத் தாண்டி ஒலிக்கும் கனம் வேண்டும். பின்னதற்கு மணிமணியாக உதிரும் பிருகாக்கள் வேண்டும். அதே ஆண்டு தூரினில் பதிவான தட்டுகளில் வாக்னரும் உண்டு, 'பூரித்தானி'யும் உண்டு. அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஒரே தொண்டை என்று நம்பவே முடியாது.

மேடையில் நேரடியாகப் பதிவானவற்றைக் கேட்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது. இரைச்சல், இருமல், நடுவே கைதட்டல். ஹெட்போன் போட்டால் கொஞ்சம் தேவலை.

நான் அதிக நாள் தங்கியது 'நோர்மா' என்ற ஓபராவில். 1954-இலும் 1960-இலும் செராஃபின் நடத்தவே இரண்டு முறை அதை ஸ்டூடியோவில் பதிவுசெய்திருக்கிறார். முதலாவதில் மேல் ஸ்தாயி கத்திமுனை. இரண்டாவதில் அதே இடங்களில் குரல் ஆடுகிறது, மறைக்க முடியாது. ஆனால் கடைசி அங்கத்தில், துரோகம் செய்த பூசாரிணி யாரென்று கூட்டம் கேட்க, 'நான்தான்' என்று நோர்மா சொல்லும் இடத்துக்கு வாருங்கள். வாத்தியங்கள் அடங்க, அலங்காரம் எதுவுமின்றி அதை எடுத்து வைக்கிறார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் கெட்டுவிட்டது என்று சொல்லி 1960 பதிவை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நடுஸ்தாயியில் அவ்வளவு கனிவு முந்தைய பதிவில் கிடையாது.

1965 ஜூலையில் லண்டன் கோவன்ட் கார்டனில் பாடிய 'தோஸ்கா'வோடு அவருடைய ஓபரா மேடை முடிந்தது. அப்போது வயது 41தான். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 1971-72இல் நியூயார்க் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இளம் பாடகர்களுக்கு எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு வரியை எங்கே மூச்செடுத்து எப்படித் தொடங்குவது என்று அவரே பாடிக் காட்டுகிறார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 1949 தட்டுகளுக்கு உடனே போக வேண்டாம். தே சபாத்தா நடத்திய 1953 'தோஸ்கா'வின் இரண்டாம் அங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளை வாசித்துவிட்டுக் கேளுங்கள். பிடித்துப்போனால் இரண்டு 'நோர்மா'க்களுக்கும் போகலாம்.