எபிடாரஸ் கல் படிகளில் ஒரு மத்தியானம்

ஏதென்ஸிலிருந்து ஒருநாள் பஸ் டூர். வழியில் கொரிந்து கால்வாய், பத்து நிமிடம், போட்டோ எடுக்க மட்டும். அப்புறம் மைசீனி என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள். அங்கே உள்ள சிங்க வாசலுக்குத் தனிப் பதிவே எழுத வேண்டும்.

இன்றைக்கு எபிடாரஸ் நாடக அரங்கம் மட்டும். கைடம்மா எங்களைப் படியேறி உட்காரச் சொல்லிவிட்டு, கீழே வட்டத் தரையின் நடுக்கல்லில் போய் நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம். மெதுவாகக் கிழித்தார். பாதி உயரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் 'சர்ர்' சத்தம் தெளிவாகக் கேட்டது. மைக் எதுவும் கிடையாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம்! மொத்தம் 55 வரிசைகள். கீழே உள்ள 34தான் முதலில் கட்டியவை, மேல் 21 பிற்பாடு சேர்த்தவை.

இந்த இடம் முதலில் ஒரு வைத்தியக் கோயில் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அஸ்கிளீபியஸ் என்ற தெய்வத்தை நம்பி நோயாளிகள் வருவார்கள். ஒரு மண்டபத்தில் இரவு படுத்தால் கனவில் வந்து குணப்படுத்துவார் என்று நம்பிக்கை. குணமான கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கிளியோ என்ற பெண் ஐந்து வருடம் வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவளாம், அங்கே தங்கி எழுந்து வெளியே வந்ததும் மகன் பிறந்தானாம். கைடம்மா இதைச் சொன்னபோது எங்கள் பஸ் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

டூரில் அங்கே கொடுத்தது ஒன்றரை மணி நேரம். எனக்குப் போதவே இல்லை. போகிறவர்கள் அங்கேயே ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள்.