தப்புக்கு அருகில் ஒரு கிட்டார்

2025 ஜனவரி 5, ஞாயிறு

மலையகத்தில், எங்கள் கொட்டகலையில் இன்று வெயிலே இல்லை. வாசிகசாலையில் முதல் ஒத்திகை. சித்தப்பா தப்பு மேளம், தம்பி பேஸ் கிட்டார், தோட்டத்தின் மேல் டிவிஷன் பையன் டிரம்ஸ், நான் மின்கிட்டார். பங்குனித் திருவிழாவுக்கு முந்திய இரவு கோயில் முன்றலில் நடக்கும் கலை நிகழ்ச்சியில் எங்களுக்கு இருபது நிமிடம் தருவதாகத் தோட்டத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

கிட்டார் ஒலியைச் சிதறவைக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் வைத்தபடியே குமிழ்களை வைத்தேன்: கெயின் (சிதறலின் அளவு) முழுவதும், பேஸும் ட்ரெபிளும் முக்கால்வாசி, நடு ஒலி அறவே இல்லை. என் அறைக்குள் அது மண்சரிவு போல இறங்கும். வாசிகசாலையில் நான்காவது சுற்றிலேயே சித்தப்பா கையை நிறுத்திவிட்டார்.

"இரைச்சல் கேட்கிறது பிள்ளை. நீ என்ன வாசிக்கிறாய் என்பதுதான் கேட்கவில்லை."

நாற்பது வருடமாக மலையகத்தின் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர். கூட்டத்தின் சத்தத்துக்குள்ளேயே ஆட்டக்காரரின் அடியைக் கேட்டு வாசிக்கிற காது அது. அவர் சொன்னதை வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஜனவரி 8, புதன்

இந்தப் பெடலுக்குள் என்னதான் நடக்கிறது என்று இரவு முழுவதும் வாசித்தேன். இப்போது எனக்கு அது தேயிலைச் செடியின் உச்சியை வெட்டும் கவ்வாத்தாகத்தான் தெரிகிறது.

கிட்டாரிலிருந்து வரும் மின் அலை வளைந்து வளைந்து ஏறி இறங்கும். பெடல் முதலில் அதைப் பல மடங்கு பெரிதாக்குகிறது. பிறகு ஒரு மட்டத்துக்கு மேல் போகும் உச்சிகளை டயோடுகள் என்ற சிறு மின்பாகங்கள் வெட்டிவிடுகின்றன. சாதாரண சிலிக்கன் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அதற்கு மேல் வளர விடாது. வெட்டிய தேயிலைச் செடி பக்கத்தில் கிளைப்பதைப் போல, உச்சி போன அலையும் மேல்சுரங்களாகக் கிளைக்கிறது. ஒரே தந்தியைத் தொட்டாலும் அதற்கு மேலே பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது அதனால்தான். மெல்ல அடித்ததற்கும் ஓங்கி அடித்ததற்கும் உள்ள வித்தியாசம் சுருங்குவதும் சுரம் நீண்டு நிற்பதும் அதே காரணத்தால்தான்.

கவ்வாத்திலும் வகை உண்டு. ஐபனெஸின் டியூப் ஸ்கிரீமர் பெடலில் டயோடுகள் பெருக்கிச் சுற்றின் பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீடு திரும்பி உள்ளே வரும் வழியில் இருக்கின்றன. உச்சி வளைந்து மழுங்கும். ப்ரோ கோவின் ராட், பாஸ் டிஎஸ்-1 ஆகியவற்றில் டயோடுகள் பெருக்கிக்குப் பிறகு, சுற்றின் பூச்சிய மட்டமான நிலத்தோடு (கிரவுண்ட்) இணைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வெட்டு கூர்மையானது.

இதெல்லாம் தொடங்கியதே ஒரு பழுதிலிருந்து. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் சிதறி ஒலித்தது. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். பொறியாளர் கிளென் ஸ்னோடி அதே சிதறலைத் தரும் ஒரு சுற்றைச் செய்தார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கெட்டுப்போன ஒலியில் ஓர் அழகைக் கேட்ட அந்தக் காதுகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீடு நிறைய ஆட்கள். கிட்டாரைத் தொடவில்லை.

ஜனவரி 18, சனி

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டே போனேன். கடையில் இருக்கும் நல்ல கிட்டாரில் வாசித்துப் பார்த்துப் பெடல் வாங்கக்கூடாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் நம் கிட்டாரின் பிக்கப், நம் விரல், நம் கேபிள் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒலி. பெரிய அம்பிளிஃபயரைக் காட்டினார்கள். நான் மூலையில் கிடந்த சிறியதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் இருப்பது அதைப் போன்றதுதான்.

மூன்று பெடல்களை மாற்றி மாற்றி வாசித்தேன்.

டியூப் ஸ்கிரீமர் சுமார் 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடு ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது, அடி ஒலியைக் குறைக்கிறது. குரல் போலப் பேசுகிறது. ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் வால்வு அம்பிளிஃபயர் இருந்தால் அதை இன்னும் தள்ளிவிட இதைவிட நல்லது வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது டிரான்சிஸ்டர் அம்பிளிஃபயர். அதில் எனக்கு வேண்டிய அளவு சிதறல் வரவில்லை.

ஆரஞ்சு நிற டிஎஸ்-1, 1978 முதல் வருவது. அதன் டோன் குமிழ் நடுவில் நிற்கும்போது நடு ஒலி பள்ளமாகிறது. தனியாக வாசிக்க விசாலமாக இருந்தது. ஆனால் சித்தப்பா கேட்கவில்லை என்றது அந்தப் பள்ளத்தில் இருக்கிற ஒலியைத்தான்.

மூன்றாவது ஒரு பழைய ராட். 1970களின் இறுதியில் மிச்சிகனின் கலமசூ நகரில் பிறந்த வடிவம். டிஸ்டோர்ஷன், ஃபில்டர், வொலியூம் என்று மூன்றே குமிழ்கள். ஃபில்டர் மற்றப் பெடல்களின் டோனுக்கு நேரெதிர்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலி இருண்டுகொண்டே போகும். தெரியாதவர்கள் காது கூசுவது தாங்காமல் இடப்பக்கம் திருப்பி, இன்னும் கூசச் செய்துகொள்வார்கள். குறைவாக வைத்தால் சொரசொரப்பு, கூட்டினால் கம்பளி போல அடர்த்தி. நடு ஒலி எங்கேயும் ஓடிப்போகவில்லை.

ஒவ்வொன்றிலும் ஒரே சோதனை: ஒரு சுரத்தை அடித்துவிட்டு, அது முழுவதும் அடங்கும்வரை கேட்டேன். சில பெடல்கள் கடைசியில் திக்கித் திக்கி அறுந்துபோகும். ராட் கடைசிவரை மெதுவாக இறங்கியது. குமிழ்களைச் சுழற்றிக் கரகரப்பு இருக்கிறதா, காலால் அழுத்தும் சுவிட்ச் தயங்குகிறதா, பேட்டரி இணைப்பில் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று மாதச் சேமிப்பு போயிற்று. மனம் நிறைந்துதான் திரும்பினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பத்துமணி வரை வாசித்தேன். தம்பி தூங்குவதால் வொலியூம் மிகக் குறைவு. இந்த ஒலி அற்புதம்!

ஜனவரி 25, சனி

ஒத்திகையில் அற்புதம் எல்லாம் போய்விட்டது. காதைக் குத்துகிறது, அடியில் சேறாகக் கலங்குகிறது. அதே பெடல், அதே இடங்களில் குமிழ்கள்.

இரவு காரணத்தைக் கண்டுபிடித்தேன். 1933இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் மனிதக் காதை அளந்து பார்த்தார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைத்தே கேட்கிறது. சத்தம் கூடக் கூட, குறிப்பாக அடி ஒலிகள் வேகமாக எழுந்து வருகின்றன. அதனால் தூங்கும் வீட்டில் காதுக்கு நிறைவாகும்வரை அடியையும் மேலையும் கூட்டிவைக்கிறோம். அதே அமைப்பை டிரம்ஸுக்குச் சமமாக உயர்த்தினால் கூட்டியதெல்லாம் பூதமாக வந்து நிற்கிறது. அத்துடன் தம்பியின் பேஸ் இருக்கிற இடத்தில் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே வீட்டில் ஒலியமைப்பது இத்துடன் சரி. வாசிகசாலையில், ஒத்திகைச் சத்தத்தில், எல்லோரும் வாசிக்கும்போதுதான் குமிழைத் தொடுவேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்று முறையாகச் செய்தேன். மற்றவர்களை ஒரு மணிநேரம் முன்னதாக வரச் சொல்லியிருந்தேன். பொறுமையாக ஒரே தாளத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் பெடலை அணைத்துவிட்டு, அம்பிளிஃபயரின் சுத்தமான ஒலியை ஒத்திகைச் சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் பேஸைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். தனியாகக் கேட்டால் மெலிந்துதான் இருக்கிறது. தம்பி வாசிக்கத் தொடங்கியதும் அந்த மெலிவு தெரியவில்லை.

பிறகு பெடல். குமிழின் நிலையை மணிக்கூட்டு முள்ளாகப் பார்ப்பது வழக்கம்: நேர் மேலே இருந்தால் பன்னிரண்டு மணி. டிஸ்டோர்ஷனை அடியோடு குறைத்து, ஃபில்டரைப் பன்னிரண்டில் வைத்து, பெடலை அணைத்தாலும் ஏற்றினாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி வொலியூமைச் சரிசெய்தேன். இதைச் செய்யாவிட்டால் காது ஏமாந்துவிடும். சத்தம் கூடியதையெல்லாம் நல்லது என்று நம்பும். அதன் பின் டிஸ்டோர்ஷனை மெல்ல ஏற்றினேன். சுரம் நான் விரும்பிய நேரம் நீடித்து நின்ற இடம் ஒரு மணி. அங்கிருந்து, தந்தியில் விரல் படும் முதல் தட்டு தெளிவாகத் திரும்பிவரும் வரை குறைத்துக்கொண்டே வந்தேன். பத்தரை மணியில் அது வந்தது.

பத்தரை! ஜனவரியில் நான் முழுவதும் திருப்பி வைத்திருந்தேன். கெயின் கூடினால் கிட்டார் பெரிதாகும் என்றுதான் நினைத்திருந்தேன். உச்சிகள் எல்லாம் மட்டமாகிவிட்டால் தாளத்தின் முனையும் மட்டமாகிவிடுகிறது. தப்பு முழுவதும் முனைதான். ஒவ்வோர் அடியும் ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் முனையில்லாத கிட்டார் வெறும் மூடுபனி.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையை நிறுத்தவும் இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொரு மணி தாண்டியதும் மின்சாரம் போய்விட்டது. நாடு முழுவதும் இல்லை என்று பிறகு தெரிந்தது. பெடல் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், அம்பிளிஃபயர் ஓடாது. கிட்டாரை எதிலும் இணைக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தேன். நான் வாசிக்காத தந்திகளும் சும்மா அதிர்ந்துகொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. பெடல் அவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் அவற்றை அடக்குவதையே மாலைவரை பழகினேன்.

பெப்ரவரி 15, சனி

பாட்டின் நடுவில் வரும் ஒரு கோர்ட் (சுரக் கூட்டு) மட்டும் கலங்கிக்கொண்டே இருந்தது. கணித ஆசிரியையான எனக்கு இது வெட்கம், முன்பே யோசித்திருக்க வேண்டும். டிஸ்டோர்ஷனில் இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். அடிச்சுரமும் பஞ்சமமும் 2:3. 200, 300 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 100, அதாவது அடிச்சுரத்துக்கே ஒரு ஸ்தாயி கீழே. வீட்டுக்காரனே திரும்பி வந்தது போல அது பொருந்திவிடுகிறது. காந்தாரம் அப்படியில்லை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும் கிட்டாரின் சமப் பகுப்பில் பெரிய காந்தாரம் இயற்கையான 4:5 விகிதத்தைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு படியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயர்ந்து நிற்கிறது. பஞ்சமமோ 2 சென்ட் மட்டுமே குறைவு. சுத்தமான ஒலியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அந்த 14 சென்ட், பெடலுக்குள் போய்வந்தால் உறுமலாகிறது.

காந்தாரத்தை நான் விட்டுவிட்டேன். அதைத் தம்பி பேஸில் மேலே ஏறித் தொடுகிறான். அவன் சுத்தமாக வாசிப்பதால் கலக்கம் இல்லை.

இன்னொன்று: என் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தையும் பிடித்துக்கொள்கின்றன. வாசிகசாலையின் டியூப்லைட் பக்கம் பக்கவாட்டாகத் திரும்பி நின்றால் பாதி குறைகிறது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் வரைந்துவிட்டேன்.

பெப்ரவரி 22, சனி

மாலை முழுவதும் தூறல். முதல் பாட்டிலேயே தப்பு தொய்ந்து, மந்தமாக ஒலித்தது. சித்தப்பா வெளியே தாழ்வாரத்தில் காய்ந்த சருகையும் பழைய தாளையும் குவித்துக் கொளுத்தி, தோலைத் தீயின் மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். நடுநடுவே விரலால் தட்டிப் பார்த்தார். எந்தக் குமிழும் இல்லாத அந்த வட்டத்தில் அவர் தேடியதும் நான் ஆறு வாரமாகத் தேடுவதும் ஒன்றுதான் என்று பட்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் சித்தப்பா?"

"நேரம் இல்லை. அது கூப்பிடும்."

உள்ளே வந்து அடித்தபோது தப்பு கணீரென்று வெடித்தது. அந்தக் குச்சியின் கூர்மையும் என் கிட்டாரின் மேல் ஒலியும் ஒரே இடத்தில் மோதின. ஃபில்டரைப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணிக்குத் திருப்பினேன். கிட்டார் கொஞ்சம் இருண்டு, தப்புக்குக் கீழே இடம்பிடித்தது. இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா குச்சியை உயர்த்தினார். "அந்த இரண்டாவது துண்டை இன்னொரு முறை வாசி பிள்ளை. நான் அதற்கு வேறு அடி போடுகிறேன்."

டிஸ்டோர்ஷன் பத்தரை, ஃபில்டர் ஒன்றரை, வொலியூம் பதினொன்று. வீட்டுக்கு வந்து அக்காவின் வெள்ளை நகப்பூச்சால் மூன்று குமிழ்களுக்கும் பக்கத்தில் புள்ளி வைத்தேன். ஃபில்டருக்கு மட்டும் இரண்டு புள்ளிகள்: தப்பு காயாததற்கு ஒன்று, காய்ந்ததற்கு ஒன்று.