ஓடும் எழுத்துகளில் ஒரு பெயர்

2019 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்புகையில், அவளுடைய பெயரின் நடுவில் நிற்கும் ழகரத்தை இங்கே யார் உச்சரிக்கப் போகிறார்கள் என்று எண்ணி, அழைக்கும் பெயருக்கான கட்டத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அப்படிச் செய்யும்படி என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு இலகுவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

2022 மார்ச்சில் 'டேர்னிங் ரெட்' என்ற அனிமேஷன் படம் டிஸ்னி பிளஸ் வழியாக வீடுகளுக்கே வந்தது. சீனாவில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த டொமி ஷி இயக்கிய அந்தப் படத்தின் கதை, 2002ஆம் ஆண்டின் ரொறன்ரோவில் நடக்கிறது. சி.என். கோபுரத்தையும் தெருவில் ஓடும் ட்ராமையும் கண்டவுடன் மகள், "அம்மா, எங்கட ஊர்!" என்று துள்ளினாள். ஊர் என்ற சொல்லை அவள் இந்த நகரத்துக்குச் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

படத்தில் வரும் பள்ளிக்கூடத்தில் பல நிறத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலர் இருக்கிறார். அதெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது, அந்தக் கதையின் மாயம் புறப்படும் இடம். மெய் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, உணர்ச்சி மிகும்போதெல்லாம் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள். அந்த ஆற்றல் அவர்களுடைய குடும்பக் கோயிலில் வழிபடும் மூதாதை ஒருத்தியிடமிருந்து வந்தது. போர்க்காலத்தில், ஆண்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு, தன் பெண் பிள்ளைகளைக் காப்பாற்ற வழி தேடித் தெய்வங்களை வேண்டி அவள் பெற்ற வரம் அது. புதிய நாட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த வரமே குடும்பத்துக்கு இடைஞ்சலாகிவிட, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அதைச் சடங்கு செய்து அடைத்து வைக்கிறார்கள். போருக்குள் பிள்ளைகளை வளர்த்த என் அம்மாவை நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் படத்தைச் சற்று நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

மெய்யின் தோழிகளில் ஒருத்தி பிரியா. அவளுக்குக் குரல் கொடுத்தவர், இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். பிரியா பேசுவது குறைவு. அவளுடைய வீட்டைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. மங்கள் என்ற அவளுடைய குடும்பப் பெயரிலும் தமிழ் இல்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. சீனக் குடும்பத்தின் சமையலறையையும் பூசையையும் அத்தனை நுணுக்கமாக வரைந்த கைகளால், பிரியாவின் வீட்டு வாசலையும் ஒரு கணம் காட்டியிருக்க முடியும். மூதாதையரின் மாயம் தமிழ் வீடுகளிலும் நிறைய இருக்கிறது. அதை வரைய நம் பிள்ளைகளில் சிலராவது இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது, மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். திரைக்குக் கிட்டப் போய், விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்று வாசித்து முடித்தாள்.

"இவ்வளவு நீளமான பெயரை முழுசாப் போட்டிருக்கினம், அம்மா."

"ஓம், அது அவவின்ர பெயர்தானே."

"அப்ப என்ர பெயரை ஏன் சின்னனாக்கினீங்கள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்பாசிரியைக்குக் கடிதம் எழுதி, இனி முழுப் பெயரால் அழைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மனமுவந்து சம்மதித்தார். எப்படிச் சொல்வது என்று பிள்ளையே கற்றுத் தரட்டும் என்றார். மகள் அவர் முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, நாக்கு எங்கே வளைய வேண்டும் என்று காட்டினாளாம். ஆசிரியைக்கு அந்த எழுத்து இன்னும் லகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில்தான் வருகிறது. மகள் காலை தோறும் திருத்திக் கொடுக்கிறாள்.