பாக்கித் தொகை கட்டும் முன் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

எந்தப் புதுக் கார் வாங்குவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய குழப்பம் இல்லை. கொளத்தூரிலிருந்து கிண்டிக்கு நூறடிச் சாலையில் தினமும் போய் வருகிறேன். பாடி, கோயம்பேடு, வடபழனி என்று வழிநெடுக கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துவிடும். ஆகவே கிளட்ச் மிதி இல்லாமல் தானே மாறும் ஏ.எம்.டி. கியர். எங்கள் தெருவில் எதிரே ஓர் ஆட்டோ வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஆகவே சின்னக் கார்.

இதற்கு மேல் அம்மாவின் முழங்கால் இருக்கிறது. டியாகோவைத்தான் முதலில் விரும்பினேன். 2020இல் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கிய கார் அது. ஆனால் இருக்கை தாழ்வு. அம்மா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வேகன் ஆரில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, தானே இறங்கினார். அதையே எடுக்க முடிவு செய்தோம். அந்த வண்டிக்கு 2023 சோதனையில் ஒரே நட்சத்திரம்தான். உடற்கட்டு உறுதியற்றது என்றும் சொன்னார்கள். இப்போது ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் வருகிறது என்றாலும் இந்த விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவராக இருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். சி.என்.ஜி. வேண்டாம் என்றதற்கும் அம்மாதான் காரணம்: சிலிண்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டால் மடக்கும் சக்கர நாற்காலியை எங்கே வைப்பது?

ஓட்டிப் பார்க்கும்போது அவர்கள் கூட்டிப்போகும் காலிச் சாலையோடு திருப்தி அடையாதீர்கள். உங்கள் அடுக்குமாடியின் சரிவுப் பாதைக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏ.எம்.டி. வண்டியைச் சரிவின் நடுவே நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியே வண்டியை நிற்கவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்ச் தேய்ந்து போகும்.

தொல்லை ஆரம்பமானது வரி, காப்பீடு எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலைச் சீட்டில். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த மகிழ்ச்சியில்தான் முதல் ஷோரூமுக்குப் போனேன். வாழ்நாள் வரி பற்றிப் புகார் இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம் என்பது தமிழக அரசு விதி. அதற்குக் கீழே பேனாவால் எழுதியிருந்த வரிகள்தான் கண்ணில் பட்டன: "கையாளும் கட்டணம்", "அவசியப் பொருள் தொகுப்பு", அப்புறம் காப்பீடு 37,000 ரூபாய். கையாளும் கட்டணம் எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் கட்டுகிறார்கள் மேடம்" என்றார் விற்பனையாளர். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார்.

காப்பீட்டில் அப்படி எளிதாக இறங்கி வரவில்லை. இங்கே ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டாயம். அதன் தொகையை அரசே நிர்ணயித்திருக்கிறது: 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640 ரூபாய், வரி தனி. இதில் யாரும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. மீதியெல்லாம் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியும் கூடுதல் சேர்க்கைகளும். பேரம் பேச வேண்டியது அங்கேதான்.

என்னிடம் பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான காப்பீட்டுத் தள்ளுபடி, 50 சதவீதம் இருந்தது. "புது வண்டிக்கு அது செல்லாது" என்று காப்பீட்டு மேசையில் இருந்தவர் அடித்துச் சொன்னார். தவறு. அந்தச் சலுகை வண்டிக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியை விற்றுவிட்டு, பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடிதத்துக்கு விற்றதற்கான சான்று கேட்பார்கள். என்னிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல்கள் இருந்தும், பதிவுச் சான்றான ஆர்.சி. வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாறியிருக்க வேண்டும் என்றார்கள். அவரோ இன்று நாளை என்று இழுத்தடித்தார். பழைய வண்டியை விற்கிறவர்கள் பெயர் மாற்றம் முடியும்வரை வாங்கியவரை விடாதீர்கள்.

எல்லாம் கையில் வந்த பிறகும், ஷோரூமுக்கு வெளியே காப்பீடு எடுக்க, ஒவ்வொரு வண்டியிலும் தனியாகப் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வேண்டும். ஷோரூம் பிடித்துவைத்திருந்த துருப்புச்சீட்டே அதுதான். "முழுப் பணமும் கட்டினால்தான் எண் தருவோம்" என்றார்கள். மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட பிறகு ஓர் எண் வந்தது. போன மாதம் தயாரான வண்டி என்றும் எழுதியிருந்தார்கள்.

பணம் கட்டும் முன் வண்டியைப் பார்க்கிறேன் என்று பூந்தமல்லி தாண்டி அவர்கள் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டுக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றைக் காட்டினார்கள். வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, பேட்டரி இறங்கியிருந்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்தேன்: 0825. அதாவது 2025ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நாங்கள் நின்றுகொண்டிருந்ததோ டிசம்பரில். டயர் மட்டும் பழையதாக இருக்கலாமே என்று நினைத்து, வண்டியில் பொறித்திருந்த எண்ணை மின்னஞ்சலோடு ஒப்பிட்டேன். கடைசி ஆறு இலக்கமும் வேறு. "அந்த வண்டி வேறு ஒருவருக்குப் போய்விட்டது மேடம், இதுவும் அதே மாடல்தானே?" என்றார் உடன் வந்த பையன். அவரைத் திட்டி என்ன பயன்? புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

முன்பதிவுத் தொகை 11,000 ரூபாயைத் திருப்பித் தர மறுத்தார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு எண்களின் படத்தையும் அனுப்பினேன்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்தேன். அதன் பிறகு ஒரு பைசா பிடித்தம் இல்லாமல் பணம் கணக்குக்கு வந்தது. அன்று எனக்கு வந்த நிம்மதி காரின் சாவியை வாங்கியபோது கூட வரவில்லை.

நகரின் மறுபக்கத்தில் இன்னொரு ஷோரூமில் வாங்கினேன். அச்சடித்த விலைச் சீட்டு, கேட்டதும் சேஸிஸ் எண், வெளியே எடுத்த காப்பீட்டுக்கு மறுபேச்சில்லை. அதே சேர்க்கைகளோடு, போனஸும் கழித்து, காப்பீடு 21,000 ரூபாய்க்குள் முடிந்தது. பதிவும் சிக்கலின்றி நடந்தது.

முன்பதிவு செய்யும்போதே இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: காப்பீடு நானே எடுப்பேன், பாக்கி கட்டும் முன் சேஸிஸ் எண் தர வேண்டும். பிறகு விற்பனைச் சான்றான படிவம் 21 வரும்போது, அதில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அதையும் காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் வண்டியருகே நின்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.