ரோலில் 'காட்டன்' என்று எழுதியிருந்தது

மூன்று மாதமாகத் தைக்கிறேன். அம்மாவுடைய மெஷின், கால் மிதியில் ஓடும் பழைய சிங்கர். தைக்கப் பழகியதைவிட, துணி எடுக்கப் பழகத்தான் காசு அதிகம் போயிருக்கிறது.

முதல் அடி, தங்கச்சி மகளுக்குத் தைத்த பாவாடையில். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), ரோலில் 'காட்டன்' என்று எழுதியிருந்ததை நம்பி மூன்று மீட்டர் வாங்கினேன். மீட்டர் ஆறு வெள்ளி (ரிங்கிட்). பிள்ளை ஒரு மணி நேரம்கூடக் கட்டவில்லை. "பெரியம்மா, வேர்த்து ஒட்டுது" என்று கழற்றிப் போட்டுவிட்டாள்.

மிச்சத் துண்டைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே லயத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தவர். கசக்கிப் பார்த்தார். மடிப்பே விழவில்லை. "நாலு நூலை உருவிக் கொளுத்திப் பாரும்மா" என்றார்.

பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டினேன். நூல் தீப்பிடிக்கும் முன்பே சுருண்டு உருகியது, கறுப்புப் புகை விட்டது. ஆறியதும் நுனியில் கடுகளவு கறுப்பு மணி, நகத்தால் நசுங்கவில்லை. பாலியஸ்டரேதான். அப்பாவின் பழைய வேட்டி நூலோ தாள் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டதும் தூளானது. ரேயானும் இதே போலத்தான் எரியும், ஏனென்றால் அது மரக்கூழில் எடுப்பது. அதற்கு வேறு வழி: நூலின் நடுவை நனைத்து இழுத்தால் ரேயான் ஈர இடத்திலேயே அறும். காட்டனுக்கு ஈரத்தில் பலம் கூடும்.

சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெய்யும் விதத்தின் பெயர் என்பதும் அப்புறம்தான் பிடிபட்டது. பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியஸ்டரிலும் உண்டு. "சாட்டின் போட்டால் வேர்க்குமா அண்ணே?" என்று நான் கேட்டபோது கடைக்காரர் ஏன் அப்படி முழித்தார் என்று இப்போது புரிகிறது.

இரண்டாவது, நிஜக் காட்டன். வெட்டுவதற்கு முன் நீளத்திலும் அகலத்திலும் 100 செ.மீ. குறித்துத் துவைத்தேன். காய்ந்ததும் நீளம் 96, அகலம் 99. நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தறியில் விறைப்பாக இழுத்து நெய்வதால் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்குமாம். துவைக்காமல் தைத்திருந்தால் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும்.

மூன்றாவது, ரேயானில் குடைப் பாவாடை. 14-ஆம் நம்பர் ஊசி தடிமன், துணியைச் சுருக்கியது. மெல்லிய 11 போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் வெட்டிய அன்றே அவசரப்பட்டு ஓரம் மடித்தேன். மறுநாள் பார்த்தால் நூலுக்குச் சாய்வாக வெட்டு விழுந்த இடமெல்லாம் இரண்டு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது. முழுத் தையலையும் பிரித்தாயிற்று. இப்போது ஹேங்கரில் தொங்குகிறது. இறங்குகிற வரை இறங்கட்டும், நாளைக்கு ராத்திரி தரையிலிருந்து அளந்து வெட்டிக்கொள்கிறேன்.